தீவில் நாங்கள் நாலு பேர்

நானும் கணவரும் பிரிந்தபோது வீடு எனக்கு வந்தது, குரூப் அவருக்குப் போனது. எந்த லோயரும் அதை எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. தானாகவே அப்படி அமைந்துவிட்டது.

குரூப் என்றால் எட்டுக் குடும்பம். கோடை விடுமுறையில் ஒவ்வொரு வருடமும் ஏதாவதொரு மாகாணப் பூங்காவில் பக்கத்துப் பக்கத்து இடங்களைப் பதிந்து கூடாரம் அடிப்போம். பெரிய சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி, வேன் நிறைய ஐஸ் பெட்டிகள், அடுத்த இடத்து வெள்ளைக்காரர் வந்து மரியாதையாகக் கேட்டுக்கொள்ளும் வரைக்கும் பாட்டு. ஆண்கள் கூடாரம் கட்டி, கயிறு இழுத்து, நெருப்பு மூட்டிவிட்டு, அதற்காக ஒருவரையொருவர் மெச்சிக்கொள்வார்கள். பெண்களான நாங்கள் வீட்டுக் குசினியில் செய்கிற அதே வேலையை மரத்தடியில் செய்வோம். வெங்காயம் உரிக்கிற இடம் மட்டும்தான் மாறும். முணுமுணுத்து முணுமுணுத்தே நான் அதை எவ்வளவு அனுபவித்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிரிந்த வருடம் ஜூன் மாதம் அழைப்பு வரவில்லை. வராதே என்று எவரும் சொல்லவுமில்லை. குரூப்பில் மூத்த அன்ரி ஒருவர் மட்டும் தமிழ்க்கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே, "பிள்ளைக்கும் உதுக்குள்ள தனிய வந்து நிக்கிறது ஒருமாதிரி இருக்கும்தானே" என்றார். "ஓம் அன்ரி" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் நல்ல கத்தரிக்காயாகப் பார்த்து என் கூடைக்குள்ளும் நாலைப் போட்டுவிட்டுப் போனார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் அந்த வீட்டில் நானும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும்தான் சத்தம் போடுவோம். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். பகல் முழுக்க மற்றவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஊட்டிவிட்டுக்கொண்டிருப்பேன். அங்கே என்னைக் கூப்பிட ஆள் இருந்தது. வீட்டுக்கு வந்தால் ஒருவரும் இல்லை. தனிமை பழகிவிடும் என்று பலரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. இன்னும் பழகவில்லை.

அந்த வருடம்தான் அரச காணியைப் பற்றி இணையத்தில் வாசித்தேன். ஒன்ராறியோவின் வடக்கே போனால் காடும் ஏரியுமாகக் கிடக்கும் நிலத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குச் சொந்தம். இங்கே வசிக்கிற எவரும் அங்கே போய்ச் சும்மா தங்கலாம். பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஒரே இடத்தில் மூன்று கிழமைக்கு, அதாவது இருபத்தொரு நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது மட்டும்தான் விதி. தண்ணீர்க் குழாயும் இல்லை, கக்கூசும் இல்லை, கேட்டில் நின்று எத்தனை பேர் என்று கேட்கும் ஆளும் இல்லை. அந்தக் கடைசி வசதிக்காகவே நான் போக முடிவெடுத்தேன்.

ஆனால் கேட்பதற்கு எனக்கு ஒரு ஆள் இருந்தாள். பிக்கரிங்கில் இருக்கும் என் தங்கச்சி.

"ஆரோட போறியள் அக்கா?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. எங்கே, எத்தனை நாள், கரடி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் ஆட்களிடம் நீங்கள் சந்திரனுக்குப் போகிறேன் என்று சொன்னாலும் ஆரோட என்றுதான் கேட்பார்கள். தனியப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அடுத்த அரைமணியில் அவளும் புருஷனும் என் வாசலில் வந்து நின்றிருப்பார்கள். எனக்காகக் கவலைப்பட்டு என்னைக் கட்டிப்போட்டிருப்பார்கள்.

"வேலைத்தலத்துப் பிள்ளையளோட" என்றேன்.

"எத்தினை பேர்?"

"மூண்டு பேர். என்னோட நாலு."

"ஆம்பிளையளும் வருகினமோ?"

"இல்லையடி."

"அப்ப சரி."

அந்த மூன்று பேரும் இல்லாதவர்கள் அல்ல. ஒருத்தி போலந்துக்காரி, ஒருத்தி பிலிப்பினோ, ஒருத்தி கயானாவிலிருந்து வந்தவள். மூவரும் என்னோடு அதே இல்லத்தில் வேலை செய்பவர்கள். மதிய இடைவேளையில் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவோம். மைக்ரோவேவ் யாருடைய முறை என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. ஒவ்வொரு செப்டெம்பரும் தாங்கள் என்னோடு வடக்கே போய்க் கூடாரம் அடிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட வேண்டும். திரும்பி வந்ததும் தங்கச்சி கதை கேட்பாள். போலந்துக்காரி நல்ல பலசாலி, விறகு அவள்தான் பிளந்தாள் என்றேன். கயானாக்காரி இரவெல்லாம் சிரித்துக்கொண்டே இருப்பாள் என்றேன். பிலிப்பினோ பிள்ளை மீன் பிடித்து வாட்டித் தந்தாள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அவர்களைப் பிடித்துப்போனது. தங்கச்சிக்கும் பிடித்துப்போனது. அடுத்த வருடம் நான் புறப்படுவதற்கு முதல்நாள் பெரிய பைகளோடு வந்து நின்றாள். நாலு பேருக்குச் சாப்பாடு.

"உது ரோல்ஸ், உது கட்லட். இந்தப் பெட்டி போலந்துக்காரிக்கு. உறைப்புக் குறைச்சுப் போட்டிருக்கிறன். மாறிக் குடுத்திடாதையுங்கோ."

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அது வழக்கமாகிவிட்டது. நான் நாலு பேரின் சாப்பாட்டையும் காட்டுக்குக் கொண்டுபோவேன். கரடிக்கு மணம் எட்டாமல் இருக்க எல்லாவற்றையும் பையில் கட்டி உயரமான கிளையில் தொங்கவிடுவேன். முடிந்ததைச் சாப்பிட்டு, ரோல்ஸிலும் கட்லட்டிலும் கெடாமல் மிஞ்சியதை வேலைக்குக் கொண்டுபோய் மதிய மேசையில் வைப்பேன். போலந்துக்காரிக்கென்று செய்த கட்லட்டைப் போலந்துக்காரியே சாப்பிடுவாள். இன்னும் கொஞ்சம் உறைப்பு இருக்கலாம் என்று ஒருமுறை சொன்னாள்.

இப்போது நான் சொல்ல வந்தது போன செப்டெம்பர் நடந்தது.

நான் வழக்கமாகப் போகும் ஏரி நோர்த் பே தாண்டி, ஹைவேயை விட்டு இறங்கி, மரம் வெட்டும் லொறிகளுக்குப் போட்ட கிரவல் பாதையில் ஒரு மணித்தியாலம் போனால் வரும். பாதை முடிகிற இடத்தில் படகு இறக்குவதற்கு ஒரு சரிவு. அங்கே காரை விட்டுவிட்டு, காற்றடித்து நிரப்பும் கயாக் படகில் பெட்டிகளை ஏற்றி, அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவே இருக்கும் சின்னத் தீவுக்குத் துடுப்புப் போட்டுப் போவேன். எனக்கு நீந்தத் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே போட்டுப் பார்த்துப் பழகியவள் நான்.

தீவில் கொஞ்சம் பைன் மரம், கொஞ்சம் பாறை, முன்பு வந்தவர்கள் கல் அடுக்கி வைத்த ஒரு அடுப்பு. செப்டெம்பரில் கடிக்கிற பூச்சிகள் போய்விடும். பகலில் வெயில், பொழுது சாய்ந்தால் குளிர். நான் அங்கே போய்ப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தேத்தண்ணீர் வைப்பேன். பாறையில் இருப்பேன். ஏரியில் லூன் பறவை கூப்பிடும். தூரத்தில் இன்னொன்று பதில் கொடுக்கும். முதல் வருடம் அதைக் கேட்டு அழுதேன். அமைதியைத் தேடிப் போனேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில், வீட்டில் ஒருவரும் இல்லாதது வலித்தது. ஒருவரும் இருக்கவே முடியாத இடத்தில் அந்த வலி கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான் காரணம்.

இரண்டாம் நாள் விடிந்து வெளியே வந்தால் கயாக் இல்லை.

நான் அதைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தேன். கட்டவில்லை. கட்ட வேண்டும் என்று தோன்றியதே இல்லை. குரூப்போடு போன காலத்தில் கயிறு கட்டுவது ஆண்களின் வேலை. கட்டாத ஒன்றை நான் கண்டதில்லை, ஆகவே கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கண்டதில்லை. விடியப்புறம் வடக்கிலிருந்து நல்ல காற்று. காற்றை அடைத்து வைத்த பொருளை வெளிக்காற்று கொண்டுபோய்விட்டது. பாறையில் ஏறி நின்று பார்த்தேன். ஏரி முழுக்க வெள்ளை அலை. கயாக் எங்கேயும் தெரியவில்லை.

போனில் சிக்னல் இல்லை. அந்த ஏரியில் எப்போதும் இருந்ததில்லை. அக்கரையில் என் கார் தெரிந்தது. விரல் நீட்டினால் தொடலாம் போல இருந்தது, ஆனால் நடுவே ஆழமான, குளிர்ந்த தண்ணீர்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. துடுப்பைத் தூக்கிப் பாறையில் அடித்தேன். பிறகு, சத்தமாகவே, "விறகு பிளக்கிற பலசாலி, உனக்கு ஒரு கயிறு கட்டத் தெரியாதோ?" என்று போலந்துக்காரியை ஏசினேன். ஏசிவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் அப்போதுதான் கணக்கு எனக்கு விளங்கியது.

நான் திரும்பாவிட்டால் என்னைத் தேட வேண்டியவள் ஒருத்திதான். அவளிடம் நான், என்னோடு மூன்று பெண்கள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தி பலசாலி, ஒருத்தி மீன் பிடிப்பாள், ஒருத்தி சிரிப்பாள். மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டில் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு நான் போன் எடுத்துப் பேசாவிட்டால் தங்கச்சி என்ன நினைப்பாள்? இடம் நல்லாயிருக்கிறது, நாலு பேரும் சேர்ந்து இன்னொரு நாள் நிற்கிறார்கள் என்றுதான் நினைப்பாள். அந்தக் கிழமை முழுக்க எனக்கு வேலையில் லீவு. அவள் பயப்படக்கூடாது என்று நான் கவனமாகக் கட்டிய ஏற்பாடு, அவள் என்னைத் தேடாதபடி அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

அன்று பகல் முழுக்க ஒருவரும் வரவில்லை. பச்சை இலைகளை நெருப்பில் போட்டுப் புகை எழுப்பினேன். காற்று அதைத் தரையோடு அமுக்கிக் கொண்டுபோனது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நாலு பேரின் சாப்பாடு மரத்தில் தொங்கியது. தங்கச்சியின் ரோல்ஸைப் பாதி கடித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் விடிய எழும்பி நின்று சுட்டிருப்பாள். நான் செத்துக்கிடந்தால் இவ்வளவு சாப்பாட்டுக்கு நடுவில் எப்படிச் செத்தாள் என்றல்லவா யோசிப்பார்கள் என்று நினைத்தேன். நான் அந்தப் பயத்துக்குப் பெயர் வைக்காமல் பாத்திரம் கழுவினேன்.

அடுத்த நாள் காலை காற்று கொஞ்சம் அடங்கியது. மோட்டார் சத்தம் கேட்டது.

அலுமினியப் படகு ஒன்று. அதில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர், அறுபது வயதிருக்கும், தூண்டில்களோடு. நான் பாறைக்கு ஓடிவந்து கையசைத்தேன். அவர் மோட்டாரைத் தணித்துக்கொண்டு கிட்ட வந்தார், ஆனால் கரைக்கு வரவில்லை. ஒரு பெண் நிற்கும் இடத்துக்கு உரிய மரியாதையான தூரத்தில் நின்றார்.

"காலை வணக்கம். தனியாகவா இருக்கிறீர்கள்?"

"இல்லை" என்றேன். "சிநேகிதிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். நித்திரை."

யோசித்துச் சொன்னதில்லை. அறியாத ஆண் ஒருவர் காட்டுக்குள் தனியாகவா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதோடு, எனக்கு அது நாக்கில் ஊறிய வசனம்.

"சரி. ஏதாவது உதவி வேண்டுமா?"

இந்த இடத்தில் நான் செய்ததைப் பற்றி எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். எங்கள் வீடுகளில் யாராவது தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். உடனே ஓம் என்று சொல்வது நாகரிகமில்லை. கேட்டவர் விடமாட்டார், இரண்டாம் தரம் கேட்பார், மூன்றாம் தரம் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார். இது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஏற்பாடு. ஐம்பது வயது வரைக்கும் நான் எந்த உதவிக்கும் முதல் கேள்வியில் ஓம் சொன்னவளல்ல.

"ஒன்றும் வேண்டாம், நன்றி. நாங்கள் நன்றாக இருக்கிறோம்" என்றேன். சொல்லிவிட்டு அவர் இரண்டாம் தரம் கேட்பதற்காகக் காத்து நின்றேன்.

அவர் தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தார். மோட்டாரைத் தட்டினார். போய்விட்டார்.

படகு திரும்பிய பிறகுதான் எனக்குச் சத்தம் வந்தது. கத்தினேன். லைஃப் ஜாக்கெட்டில் இருந்த விசிலை மூச்சு முட்ட ஊதினேன். மோட்டாரின் சத்தத்துக்கு மேலே அது அவருக்குக் கேட்டிருக்காது. ஏரியின் வளைவில் படகு மறையும் வரைக்கும் ஊதினேன். பிறகு அந்த இடத்திலேயே குந்தி இருந்துவிட்டேன்.

அழுதேன். வெட்கம் பாதி, பயம் பாதி. என்னைக் காப்பாற்ற வந்த ஒரே மனிதரிடம், இங்கே ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் நம்பிவிட்டார், தங்கச்சி நம்பியது போலவே. தங்கச்சிக்கும், குரூப்புக்கும், தமிழ்க்கடை அன்ரிக்கும் இத்தனை வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த வசனமும் இதுதான். எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன். ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை என்று அவர்களோடு மனதுக்குள் கோபித்துக்கொண்டிருந்தேன். அன்று அந்தப் பாறையில் இருந்து யாரோடும் கோபிக்க முடியவில்லை.

மத்தியானம் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் முழங்கால் வரைக்கும் இறங்கிப் பார்த்தேன். குளிர் எலும்பில் ஏறியது. காரைப் பார்த்தேன். திரும்பி ஏறிவிட்டேன். நாளைக்கு என்று எனக்கு நானே சொன்னேன். நாளைக்கும் அதே தண்ணீர்தான் என்பது எனக்குத் தெரியும்.

பொழுது சாய முன்னர் அந்த மோட்டார் சத்தம் மறுபடியும் கேட்டது. அதே படகு. அதன் பின்னால் ஒரு கயிற்றில் என் கயாக் இழுபட்டு வந்தது.

இந்த முறை அவர் நேரே கரைக்கு வந்தார். ஏரியின் தெற்குக் கோடியில் நாணலுக்குள் சிக்கிக் கிடந்ததாம். இந்தப் பக்கத்தில் வேறு ஆட்கள் இல்லை, உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றார். கயாக்கை மேலே இழுத்து, கயிற்றை ஒரு மரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டார். நிமிர்ந்தவர் என் இடத்தைப் பார்த்தார். ஒருவர் படுக்கும் கூடாரம். ஒரு மடக்குக் கதிரை. ஒரு கோப்பை. பார்த்துவிட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிநேகிதிகள் எழும்பிவிட்டார்களா என்று கேட்கவில்லை.

"காற்று இப்போது நன்றாக அடங்கிவிட்டது. நீங்கள் கரைக்குப் போகும்வரை நான் இங்கே மீன் பிடித்துக்கொண்டிருப்பேன்" என்றார்.

"நன்றி. நாங்கள் போய்விடுவோம்" என்றேன். அப்போதும் நாங்கள்தான். பொய்யை விட எனக்கு மனம் வரவில்லை. பொய்யையும் விட்டால் அவருக்கு முன்னால் நான் மட்டும்தான் மிஞ்சுவேன்.

கூடாரத்தைப் பிடுங்கிக் கண்டபாட்டுக்குச் சுருட்டிக் கயாக்கில் எறிந்தேன். துடுப்புப் போடும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் தூண்டிலைப் போட்டுவிட்டு மீனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காரடிக்குப் போய்ச் சேர்ந்து கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் மோட்டார் சத்தம் கேட்டது.

கிரவல் பாதை முடிந்து ஹைவேயில் ஏறியதும் போன் உயிர்பெற்றது. ஒரு பெற்றோல் நிலையத்தில் காரை ஓரங்கட்டினேன். தவறிய அழைப்பு ஒன்றுமில்லை. தங்கச்சியிடமிருந்து ஒரு செய்தி மட்டும் இருந்தது: "பிலிப்பினோ பிள்ளை மீன் என்னெண்டு வாட்டுறவ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ." நான் வீட்டில் இருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அவள் மீனுக்குப் பக்குவம் கேட்டிருந்தாள். அவளில் பிழையில்லை.

அவளுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா! வந்திட்டியளோ? எல்லாரும் சுகமோ?"

"எல்லாரும் எண்டு ஒருத்தரும் இல்லையடி."

"என்ன?"

"ஒருத்தரும் வாறேல்லை. ஒரு வருசமும் வரேல்லை. நான் தனியத்தான் போறனான்." பிறகு கயாக் போனதையும், தண்ணீரில் இறங்கப் பார்த்ததையும் சொன்னேன். ஒழுங்கில்லாமல், முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

மறுபக்கத்தில் குசினி ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள். நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். உங்களுக்கு என்ன விசரோ என்பாள். ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள் என்பாள். ஆட்கள் கேட்டால் நான் என்ன சொல்வது என்பாள். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஹைவே நெடுக யோசித்து வைத்திருந்தேன்.

"அக்கா" என்றாள். குரல் மிகவும் சின்னதாக வந்தது. "பயமா இருந்ததோ?"

அந்தக் கேள்விக்கு நான் ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஓம்" என்றேன்.